காஸில்வேனியா: டிராகுலா இறந்த பிறகு அந்தக் கோட்டையில் என்ன மிஞ்சியது?

கல்மண்டபம் (இழையைத் தொடங்கியவர்):

நெட்ஃபிளிக்ஸில் 2017 ஜூலையில் தொடங்கி 2021 மே மாதத்தில் நான்காவது சீசனோடு முடிந்த ‘காஸில்வேனியா’ என்ற காட்டேரிக் கதை அனிமேஷன் தொடரின் 32 அத்தியாயங்களையும் இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தேன். முதல்முறை சண்டைக் காட்சிகளே மனத்தில் நின்றன. இம்முறை இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசும் காட்சிகளையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஏன் அப்படி நேர்ந்தது என்று யோசித்ததிலிருந்து பிறந்ததே இந்த இழை. கதை முழுவதையும், முடிவு உட்பட, பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: இந்தத் தொடரின் பலம் டிராகுலாவின் துக்கத்தில் இருக்கிறது. அதன் பலவீனங்களில் பெரும்பாலானவை, அவன் இறந்த பிறகு அந்தத் துக்கத்தின் இடத்தை எதைக் கொண்டும் நிரப்ப முடியாமல் போனதால் வந்தவை.

முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். 1455ஆம் ஆண்டில் லிசா என்ற பெண், மருத்துவம் கற்றே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தோடு, கழுமரங்களில் எலும்புக்கூடுகள் தொங்கும் வாசலைக் கடந்து வந்து டிராகுலாவின் கோட்டைக் கதவைத் தட்டுகிறாள். சிறிது நேரத்தில் கதை 1475க்குத் தாவிவிடுகிறது. டர்கோவிஷ்டே நகரில் சூனியக்காரி என்று பழி சுமத்தி அவளை எரிக்கிறார்கள். இடையிலிருந்த இருபது ஆண்டு இல்லறத்தைத் தொடர் காட்டவே இல்லை. நாம் அந்த வாழ்க்கையைப் பார்க்கத் தொடங்கும் முன்பே அது பறிபோய்விடுவதால், டிராகுலா இழந்தது என்னவென்பது காட்டப்படாமலேயே நமக்கு உறைக்கிறது. அதைவிடக் கொடுமையானது, லிசா எரிக்கப்பட்டபோது அவன் ஏன் அருகில் இல்லை என்பதற்கான காரணம். மனிதனைப் போலக் கால்நடையாகப் பயணம் செய்து உலகைப் பார் என்று அவள் கேட்டுக்கொண்டதால்தான் அவன் போயிருந்தான். அவளுடைய நல்லெண்ணமே அவளைக் காப்பாற்ற இருந்த ஒரே ஆளைத் தொலைவில் வைத்திருந்தது.

நம் பழைய இலக்கணம் மனைவியை இழந்தவனின் நிலைக்குத் தபுதார நிலை என்று தனித்துறையே வகுத்திருக்கிறது. மனைவியை ஈமத்தீயில் கிடத்திவிட்டு, இவ்வளவு பெரிய நோயும் என் உயிரைக் கொண்டுபோகவில்லையே, இன்னும் வாழ்கிறேனே, இது என்ன இயல்பு என்று கேட்ட சேர மன்னன் ஒருவனின் பாடல் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சாக முடியாத ஒருவன் அதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் என்பதே இத்தொடரின் முதல் இரண்டு சீசன்களின் கதை என்று எனக்குப் படுகிறது. இரண்டாம் சீசனில் அவன் தளபதிகளைக் கூட்டிவைத்துக்கொண்டு நெருப்பின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருக்கிறான். மனிதர்கள் எல்லாரும் செத்துவிட்டால் நாம் எதைத் தின்பது என்று காட்டேரித் தளபதி காட்பிராண்ட் எழுப்பும் கேள்வி முரடனின் கேள்விபோல் ஒலித்தாலும், முழுக் கதையின் முடிச்சும் அதில்தான் இருக்கிறது. அதற்கு டிராகுலாவிடம் விடை இல்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு வாழும் எண்ணமே அவனுக்கு இல்லை. இந்தப் பேரழிவு முழுவதும் வரலாற்றிலேயே நீளமான தற்கொலைக் கடிதம் என்ற பொருள்பட மகன் அலூகார்ட் தந்தையின் முகத்துக்கு நேராகச் சொல்லும்போது, அது நமக்கு முன்பே தெரிந்திருந்தாலும் அடிவயிறு கலங்குகிறது.

அந்தச் சண்டை முடியும் இடமும் அப்படித்தான். சுவர்களை உடைத்துக்கொண்டு வந்த இருவரும் அலூகார்ட் சிறுவனாக இருந்த அறையில் விழுகிறார்கள். அங்கே டிராகுலாவின் கை தானாகத் தாழ்கிறது. நான் என் பிள்ளையைக் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று அவன் உணர்கிறான். அலூகார்ட் தன் சின்னஞ்சிறு கட்டிலின் காலை உடைத்து அவன் மார்பில் இறக்குகிறான். ஒரு வீட்டுக்குள் நடந்த சாவாக, அந்த வீட்டின் மரச்சாமானாலேயே அது நிகழ்கிறது. கோதிக் கதை என்பது கடந்த காலம் ஒரு கட்டடத்துக்குள் குடியிருப்பதைப் பற்றியது என்றால், இதைவிடச் சரியான கோதிக் காட்சியை அனிமேஷனில் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, நான்காவது சீசன்களில் சண்டைகள் இன்னும் நேர்த்தியாகின்றன. ஆனால் எனக்கு அச்சம் குறைந்துவிட்டது. காட்டேரி அரசி கார்மிலாவும் அவளுடைய தோழியரும் வரைபடத்தை விரித்து, எத்தனை மனிதர்களை எந்த எல்லைக்குள் அடைத்து வளர்ப்பது என்று திட்டமிடுகிறார்கள். அது அரசியல் கதையாகச் சுவாரசியமானதுதான்; பேய்க்கதையாக அதில் பேய் இல்லை. மற்றவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.


தீட்டுகோல்:

நல்ல தொடக்கம். நான் அனிமேஷன் பழகுபவன் என்பதால், வரைகலையின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்; அதுவும் நீங்கள் சொல்லும் இடத்துக்கே வந்து சேர்கிறது.

இத்தொடரை உருவாக்கிய பவர்ஹவுஸ் ஸ்டுடியோ அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இருக்கிறது. இயக்குநர் சாம் டீட்ஸ் குழுவினர், 1997இல் வந்த காஸில்வேனியா வீடியோ விளையாட்டுக்கு அயாமி கோஜிமா தீட்டிய ஓவியங்களின் சாயலைத் தம் பாத்திரங்களில் கொண்டுவந்தனர். நீண்ட முகம், கூரிய மூக்கு, நிழலில் பாதி மறைந்த கண்கள், அசையும்போதுகூடச் சிலைபோலத் தோன்றும் உடல்கள். இந்த வகை வரைவு ஒவ்வொரு ஃபிரேமிலும் நிறையக் கோடுகளைக் கேட்கும். அவ்வளவு கோடுகள் உள்ள உருவத்தை எல்லாக் காட்சிகளிலும் ஓயாமல் அசைக்க எந்தத் தொலைக்காட்சித் தொடரின் உழைப்பும் நேரமும் போதாது. எனவே அசைவை எங்கே செலவழிப்பது, எங்கே சேமிப்பது என்ற முடிவுதான் இத்தொடரின் அழகியலையே தீர்மானித்திருக்கிறது.

இரண்டாம் சீசனில் டிராகுலா பேசும் காட்சிகளைக் கவனியுங்கள். உதடும் இமையும் தவிர ஏறத்தாழ எதுவும் அசைவதில்லை. நெருப்பின் ஒளி மட்டும் கன்னத்தில் ஏறி இறங்குகிறது. வேறொரு தொடரில் இது சிக்கனமாகத் தெரிந்திருக்கும். இங்கே உயிர் விட்டுப்போன ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கு அதுவே சான்றாகிவிடுகிறது. கிரஹாம் மக்டாவிஷின் தாழ்ந்த, களைத்த குரல் அந்த அசைவின்மையை நிரப்புகிறது. இப்படி ஆறு அத்தியாயங்கள் சேமித்துவைத்ததை எல்லாம் ஏழாவது அத்தியாயத்தில் கொட்டுகிறார்கள். டிராகுலாவை எதிர்க்கும் மூவரும் கோட்டைக்குள் நுழையும் அந்தச் சண்டையில் மந்திரக்காரி சைஃபா பனிக்கட்டியை எழுப்ப, அலூகார்டின் வாள் கையை விட்டுத் தனியாகப் பறக்க, காட்டேரி வேட்டைக்காரன் டிரெவரின் சவுக்கு வளைந்து வருகிறது. சவுக்கை அசைப்பது அனிமேஷனில் மிகக் கடினமான வேலைகளுள் ஒன்று. கை முன்னே போகும். கயிற்றின் நடுப்பகுதி பின்தங்கும். நுனி எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து, மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக வெடிக்கும். இந்தத் தாமதத்தைத் தவறாகக் கணக்கிட்டால் அது ரப்பர் நாடாவாகிவிடும். இவர்கள் கணக்குத் தவறவில்லை.

குறைகளும் உண்டு. முதல் சீசனில் கூட்டக் காட்சிகள் விறைப்பாக இருக்கின்றன. குதிரைகளும் வண்டிகளும் நகரும்போது எடையே இல்லை. பெண் பாத்திரங்கள் பலருடைய முகங்களை முடியின் நிறத்தை மாற்றினால் அடையாளம் காண முடியாது. நான்காவது சீசனில் இந்தக் குறைகளில் பல நீங்கிவிட்டன, ஆனால் அசைவு எங்கும் தாராளமாகிவிட்டதால் அசைவின்மைக்கு இருந்த அந்த அர்த்தமும் போய்விட்டது. கல்மண்டபம் அச்சம் குறைந்ததாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.


பழைய ஆட்டக்காரர்:

விளையாட்டின் வழியாக இங்கு வந்தவன் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்கிறேன். தொடரின் அடிப்படை, கொனாமி நிறுவனம் 1989இல் ஜப்பானில் வெளியிட்ட மூன்றாவது காஸில்வேனியா விளையாட்டு. அதில் நாம் நான்கு பேராக ஆடலாம்: டிரெவர், சைஃபா, அலூகார்ட், கிராண்ட். சுவர்களில் ஏறும் கிராண்டைத் தொடர் முற்றாக விட்டுவிட்டது. எழுத்தாளர் வாரன் எல்லிஸின் அந்த முடிவை நான் முதலில் வெறுத்தேன், இப்போது சரியென்றே நினைக்கிறேன். மூன்று பேர் என்றால்தான் ஒருவர் வெளியே நிற்கும் வேதனை வரும். டிரெவரும் சைஃபாவும் வண்டியில் கிளம்ப, அலூகார்ட் கோட்டை வாசலில் தனித்து நிற்கும் காட்சி நான்கு பேரோடு இயலாது.

முதல் சீசன் ஏன் நான்கே அத்தியாயங்களில், கதை தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது என்று பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். அது பல ஆண்டுகளுக்கு முன்பு திரைப்படமாக எடுப்பதற்கென எழுதப்பட்ட கதை. முப்படத் திட்டத்தின் முதல் பகுதியைத்தான் நான்காக வெட்டித் தந்தார்கள். மூவரும் ஒன்றுசேர்வதோடு அது நிற்பதன் காரணம் இதுவே. விளக்கம் கிடைத்தாலும் குறை குறைதான்.

பிணங்களிலிருந்து டிராகுலாவுக்குப் படை வார்த்துத் தரும் மனிதர்களான ஹெக்டரும் ஐசக்கும் 2005இல் வந்த வேறொரு விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். அங்கே ஹெக்டர்தான் கதாநாயகன். ஐசக் பழிவெறி பிடித்த எதிரி. தொடர் இந்த இருவரின் தராசுத் தட்டுகளையும் தலைகீழாக்கிவிட்டது. ஹெக்டரை ஏமாளியாக்கியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இசையைப் பற்றி ஒரு வருத்தம். டிரெவர் மோரிஸ் தந்த பின்னணி இசை காட்சிக்குப் பொருந்துகிறது, ஆனால் முடிந்தபின் ஒரு வரியைக்கூட முணுமுணுக்க முடிவதில்லை. தீட்டுகோல் சொன்ன அந்த ஏழாவது அத்தியாயத்தில் மட்டும், 1987 விளையாட்டின் ‘பிளடி டியர்ஸ்’ மெட்டு எழும்புகிறது. அந்தச் சில நிமிடங்களில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு பெரிய இசைச் செல்வம் கையிலிருக்கும்போது அதை இவ்வளவு அரிதாகத் தொட்டிருக்க வேண்டியதில்லை.


பாலைநடை:

டிராகுலா இறந்த பிறகு துக்கத்தின் இடம் காலியாகிவிட்டது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. அந்தத் துக்கத்தை ஐசக் எடுத்துக்கொண்டு போகிறான் என்பதே என் வாதம்.

ஏழாவது அத்தியாயத்தில் எல்லாரும் சண்டையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்பு, தன்னோடு சேர்ந்து சாகத் தயாராக நிற்கும் ஐசக்கை டிராகுலா மாயக்கண்ணாடிக்குள் தள்ளித் தொலைதூரப் பாலைவனத்துக்கு அனுப்பிவிடுகிறான். மனித குலத்தையே அழிக்கக் கிளம்பியவன் ஒரு மனிதனைக் காப்பாற்றுகிறான். அவனுடைய திட்டம் உண்மையில் தோற்ற இடம் அதுதான், கட்டில்கால் அவன் நெஞ்சில் இறங்குவதற்கு முன்பே அது தோற்றுவிட்டது. அதன்பின் இரண்டு சீசன்களுக்கு ஐசக் அந்த அன்பின் கடனைச் சுமந்து நடக்கிறான். பழிவாங்குவது அந்தக் கடனைத் தீர்க்கும் என்று அவன் நம்புகிறான்.

மூன்றாம் சீசனில் கப்பல் தலைவனோடு அவன் பேசும் காட்சி இத்தொடரின் உச்சம் என்று தயங்காமல் சொல்வேன். மறைந்த லான்ஸ் ரெடிக்கின் குரலில் அந்த மாலுமி ஐசக்கிடம் உபதேசம் செய்வதில்லை, பயப்படுவதும் இல்லை. உலகத்தை அழித்துவிடும் ஆற்றல் உன்னிடம் இருந்தால் அதே ஆற்றலால் எதையாவது சரிசெய்யவும் முடியுமே என்ற எண்ணத்தை, காலை நேரப் பேச்சைப்போல மெல்ல நுழைத்துவிட்டுப் போகிறான். ஐசக் உடனே மாறிவிடுவதில்லை. அடுத்த துறைமுகத்தில் காவலர்கள் அவனை வழிமறிக்கிறார்கள். அவன் அவர்களைக் கொன்று தன் படையில் சேர்த்துக்கொள்கிறான். ஆயினும் விதை விழுந்துவிட்டது. பிறகு ஈயின் கண்களைக் கொண்ட அந்த இரவுப்பிறவி, தான் முன்பு ஏதென்ஸில் தத்துவவாதியாக இருந்ததைச் சொல்கிறது. பிணங்களிலிருந்து தான் வார்த்தெடுத்த ஆயுதத்துக்கு நினைவு இருக்கிறது, வருத்தம் இருக்கிறது என்று ஐசக் அறிந்துகொள்ளும் கணம் அது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவன் முகத்தில் தெரிவது வெற்றி பெற்றவனின் முகம் இல்லை. கோதிக் கதையில் ஆவி கட்டடத்துக்குள் மட்டும்தான் குடியிருக்க வேண்டுமா? ஐசக்கின் ஆவிகள் அவனோடு நடக்கின்றன, அவன் போகும் திசையிலேயே நடக்கின்றன; திரும்பிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் அவன்தான் காரணம்.

நான்காவது சீசனில் கார்மிலாவின் கோட்டையைக் கைப்பற்றிய பின், பழி தீர்ப்பதை விட்டுவிட்டு வாழ வேண்டும், எதையாவது கட்ட வேண்டும் என்று அவன் தீர்மானிக்கிறான். டிராகுலாவால் எழுத முடிந்தது தற்கொலைக் கடிதம் என்றால், அதற்கு வந்த பதில் கடிதம் ஐசக். ஆகவே கார்மிலாவின் வரைபடக் காட்சிகளை மட்டும் வைத்துப் பிற்பாதியை எடைபோடுவது நியாயமாகாது.


ஏட்டுச்சுவடி:

வரலாற்றுப் பின்னணி பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கதை நடக்கும் வாலாக்கியா (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவ நாடு. மேற்கு ஐரோப்பாவின் சூனிய வேட்டைகளில் நாம் படிக்கும் திருச்சபைக் கொடுமையை அப்படியே தூக்கி 15ஆம் நூற்றாண்டு டர்கோவிஷ்டேவில் வைத்திருக்கிறார்கள். உடையும் பேச்சும் கட்டடமும் மேற்கத்தியக் கத்தோலிக்கத்தையே நினைவூட்டுகின்றன. டிராகுலாவின் படை கிளம்பும் 1476ஆம் ஆண்டு, டிராகுலா என்ற பெயருக்கு மூலமான வாலாக்கிய மன்னன், உண்மையான மூன்றாம் விளாட் மீண்டும் அரியணை ஏறி, பின்னர் போரில் மாண்ட காலம். அவன் காலத்தில் அந்த மண்ணைச் சூழ்ந்திருந்த ஓட்டோமான் போர்களின் நிழல் தொடரில் விழவே இல்லை. வாலாக்கியா என்ற பெயர் இருக்கிறது, வாலாக்கியா இல்லை. இதை நான் பலவீனமாகவே கருதுகிறேன், ஏனெனில் ஒரு மண்ணின் சொந்த அச்சங்கள் எப்போதும் இரவல் அச்சங்களைவிட ஆழமானவை.

ஆனால் சமயத்தைக் கையாள்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. லிசாவை எரித்த பிஷப்பை அவருடைய தேவாலயத்துக்குள்ளேயே இரவுப்பிறவிகள் வந்து கொல்கின்றன. உன் கடவுள் இங்கே இல்லை, உன் செயல்கள் அவருக்கு அருவருப்பைத் தந்தன என்று அவை அவரிடம் சொல்கின்றன. அதே பிஷப்பின் பிணத்தை ஹெக்டர் எழுப்பியபின், அது ஆற்றை ஆசீர்வதிக்க, பிரைலா நகரில் அந்த நீர் காட்டேரிகளை எரிக்கிறது. சடங்கின் ஆற்றல் அதைச் செய்பவரின் தூய்மையைச் சார்ந்ததில்லை என்ற பழைய இறையியல் கருத்தை இதைவிடப் பயங்கரமாக யாராவது காட்சிப்படுத்தியிருப்பார்களா என்று தெரியவில்லை. சமயத்தை வெறுமனே திட்டும் தொடர் என்று இதை ஒதுக்குபவர்கள் அந்தக் காட்சியை மறுபடி பார்க்க வேண்டும்.


நள்ளிரவு:

மூன்றாம் சீசனின் இறுதி இரண்டு அத்தியாயங்களைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இத்தொடரோடு உள்ள பெரிய சண்டையே அங்குதான்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் லிண்டன்ஃபெல்ட் என்ற ஊரில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒருபுறம் ஹெக்டரை கார்மிலாவின் தோழி லெனோரும் மறுபுறம் அலூகார்டை அவனை நாடி வந்த டாகா, சூமி இருவரும் படுக்கைக்கு அழைத்துச் செல்வதை மாற்றி மாற்றி வெட்டிக் காட்டுகிறார்கள். ஹெக்டரின் விரலில் அடிமை மோதிரம் ஏறுகிறது. அலூகார்டைக் கட்டிப்போட்டுக் கொல்ல முயல்கிறார்கள். இருவருக்கும் நடப்பது வன்முறை. காட்டப்படும் விதமோ அதை முதலில் இன்பமாகவும் பின்னர் திருப்பமாகவும் பயன்படுத்துகிறது. அந்த வன்முறையின் கனத்தைத் தாங்கிக்கொள்ளத் தொடர் பின்னர் நேரமே ஒதுக்கவில்லை. ஹெக்டர் நான்காவது சீசனில் தன்னைச் சிறைப்படுத்திய லெனோரோடு ஏறத்தாழ இணக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். அவள் இறுதியில் சூரிய ஒளிக்குள் நடந்துபோய்ச் சாம்பலாகும்போது நாம் அழ வேண்டும் என்று தொடர் எதிர்பார்க்கிறது. காட்சி அழகாக இருக்கிறது; என்னால் அழ முடியவில்லை.

இன்னொன்று உரையாடல். டிரெவரின் கிண்டல் முதல் சீசனில் அவனுடைய குணமாக இருந்தது: குடியால் தன்னை மறைத்துக்கொண்ட, வீடும் குலமும் அழிந்த ஒருவனின் கேடயம். போகப் போகக் காட்டேரிகள், நீதிபதி, மந்திரவாதி, செயின்ட் ஜெர்மெய்ன் என்று எல்லாரும் அதே கிண்டலோடும் அதே வசைச்சொற்களோடும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் குரல் வேறுபடுகிறது, மொழி வேறுபடவில்லை. பயத்தைக் கட்டியெழுப்ப வேண்டிய இடத்தில் ஒரு நையாண்டி வந்து காற்றைப் பிடுங்கிவிடுகிறது.


கல்மண்டபம்:

நண்பர் பாலைநடை ஐசக்கைப் பற்றி எழுதியதைப் படித்தபின், கப்பல் காட்சியையும் டிராகுலா அவனைக் கண்ணாடிக்குள் தள்ளும் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். துக்கத்தின் இடம் காலியாக இருந்தது என்று எழுதியது பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துக்கம் ஐசக்கிடம் போய்விட்டதால் கோட்டையில் எஞ்சியவர்களிடம் அது இல்லாமல் போனது என்பதை இன்னும் சொல்வேன்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. நள்ளிரவு கண்டிக்கும் அதே படுக்கைக் காட்சியின் விளைவு அது. காட்சியமைப்பைப் பற்றிய அவருடைய கண்டனத்தில் எனக்கு மறுப்பு இல்லை. அதற்குப் பிறகு, டாகா, சூமி இருவரின் உடல்களையும் அலூகார்ட் கோட்டை வாசலில் கழுவேற்றிவைக்கிறானே, அதைக் கவனித்தீர்களா? 1455இல் லிசா கடந்துவந்த வாசல் அது. அவள் அங்கே பார்த்த எலும்புக்கூடுகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் வந்திருக்கும் என்பது அப்போதுதான் நமக்குப் புரிகிறது. அவற்றை நட்டவனும் ஏமாற்றப்பட்டுத் தனித்துப்போன ஒருவனாகவே இருந்திருக்கலாம். இரண்டு சீசன்களுக்கு முன்பு அலங்காரமாகத் தோன்றிய ஒரு படம், மகன் கையால் மறுபடி நடப்படும்போது குடும்பச் சாபமாக மாறுகிறது. அதற்கு முன்பு அந்தப் பிள்ளை, பிரிந்துபோன டிரெவரையும் சைஃபாவையும் துணிப்பொம்மைகளாகச் செய்துவைத்து அவற்றோடு பேசிக்கொண்டிருந்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் சிரித்துவிட்டேன், இரண்டாம் முறை பார்த்தபோது சிரிக்க முடியவில்லை.

லிண்டன்ஃபெல்டையும் சொல்ல வேண்டும். ஊருக்காக நின்று செத்த நீதிபதி, விதிமீறும் சிறுவர்களைக் காட்டிலிருந்த பொறிக்குழிக்குத் தந்திரமாக அனுப்பிக் கொன்றவர் என்பதும், அவர்களுடைய காலணிகளைச் சேர்த்துவைத்திருந்தார் என்பதும் போர் முடிந்தபின் தெரியவருகிறது. நரகத்தின் வாசலே திறந்த அந்த இரவைவிட அந்தச் சின்னக் காலணிகள்தான் என்னை அச்சுறுத்தின. சைஃபாவின் முகத்திலிருந்து உற்சாகம் வடிந்துபோகும் அந்தக் கணத்தில் தொடர் தன் பழைய பலத்தை மீண்டும் தொட்டது. வருத்தம் என்னவென்றால், நான்காவது சீசன் அதைத் தொடரவில்லை. சைஃபா நிறைய வசை பேசுகிறாள், அவ்வளவுதான்.


பாலைநடை:

இந்த இடத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். நான்காவது சீசனின் சிக்கல் வேகம் இல்லை, தைரியக்குறைவு. டிரெவர் ‘மரணம்’ என்ற எதிரியோடு தனியாக மோதி, வெடிப்பில் மறைகிறான். அது பெல்மாண்ட் குலத்தின் கடைசி மகனுக்கு ஏற்ற முடிவு. சைஃபா வயிற்றில் குழந்தையோடு எஞ்சுகிறாள். அவளுக்கு இனி இந்த ஊரே வீடு. இத்தனையும் கச்சிதமாக அமைந்தபின், கடைசி அத்தியாயத்தில் அவன் குதிரைமேல் திரும்பி வந்துவிடுகிறான். அதோடு விடவில்லை, டிராகுலாவும் லிசாவும்கூட உயிரோடு எங்கோ ஒரு விடுதி அறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.


நள்ளிரவு:

டிரெவர் திரும்பியதை நான் மன்னித்துவிட்டேன். அந்த விடுதி அறையை மன்னிக்க முடியவில்லை. இந்த இழையின் முதல் பதிவில் கல்மண்டபம் எழுதிய அத்தனையும், எரிந்துபோன மனைவி திரும்ப மாட்டாள் என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கிறது. அவள் திரும்பிவிட்டால் டர்கோவிஷ்டே என்ன ஆவது? அலூகார்டின் கட்டில்கால் என்ன ஆவது? அவர்கள் மகனிடம் போகாமல் ஒதுங்கி வாழ்வதென்று முடிவெடுப்பது சற்றே ஆறுதல். ஆனால் அந்தத் தயக்கத்தை ஆராய அங்கே நேரமே தரப்படவில்லை.


பழைய ஆட்டக்காரர்:

அந்த முடிவுக்கு ஒரு சொல் ஆதரவாக. மூன்றாம் சீசனில், உலகங்களை இணைக்கும் மாய வழியான முடிவிலா நடைவழி நரகத்தை நோக்கித் திறக்கும்போது, டிராகுலாவும் லிசாவும் அங்கே அணைத்துக்கொண்டு நிற்பது ஒரு கணம் தெரிகிறது. லிசா நரகத்தில் இருக்க என்ன பாவம் செய்தாள் என்ற கேள்வியை அந்தப் படம் எழுப்பிவிட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எழுத்தாளருக்கு இருந்தது. பதில் அவசரமாக வந்தது என்பதே என் குறை. பதிலே வந்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன்.

2023 செப்டம்பரில் தொடங்கிய அடுத்த தொடரான ‘நாக்டர்ன்’ பற்றியும் ஒரு வரி. அது 1792இன் பிரெஞ்சுப் புரட்சியில் நடக்கிறது. அங்கே மண்ணும் காலமும் கதையோடு பின்னப்பட்டிருக்கின்றன; பிரபுக்கள் இரத்தம் உறிஞ்சுபவர்கள் என்பது உவமையாகவும் நிகழ்வாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. செயின்ட் டோமிங் என்ற பிரெஞ்சுக் காலனியின் அடிமை வாழ்விலிருந்து தப்பிய அனெட்டின் கோபத்துக்கு முகவரி இருக்கிறது. ஏட்டுச்சுவடி கேட்ட சொந்த அச்சம் அதில் ஓரளவு கிடைக்கும். ஆனால் அதன் தலைமை வில்லி எர்ஸெபெட், டிராகுலாவின் பக்கத்தில் நிற்கக்கூட முடியாதவள். ஆற்றல் நிறைய இருக்கிறது. அவள் எதை இழந்தாள் என்பது நமக்குத் தெரியாது.


கல்மண்டபம்:

அந்த நரகக் காட்சியை மறந்தே போயிருந்தேன், நினைவூட்டியதற்கு நன்றி. இன்று அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இருவரும் எதையும் பார்க்கவில்லை. சுற்றி நரகம் எரிய, ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள். தொடர் முழுவதிலும் டிராகுலாவின் முகத்தில் அமைதி தெரிவது அங்கேதான். விடுதி அறையில் அவன் பேசுகிறான், திட்டமிடுகிறான், சிரிக்கவும் செய்கிறான். ஆனால் அந்த நெருப்புக்குள் அவன் தன் மனைவியிடம் வந்து சேர்ந்துவிட்டவனாக இருக்கிறான். எழுத்தாளர் அவர்களை அங்கேயே விட்டிருந்தால், லிசாவுக்கு இழைக்கப்பட்ட அநீதி தீராமலேயே இருந்திருக்கும், பழைய ஆட்டக்காரர் கேட்ட கேள்வியும் எரிந்துகொண்டே இருந்திருக்கும். எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

ஐசக்கின் அத்தியாயங்களை மட்டும் தனியாக வரிசைப்படுத்திப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். முடித்ததும் இங்கேயே எழுதுகிறேன்.